வகுப்பறையில் எவருக்கும் கடைசி இடம் வேண்டா

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். கவாத்து செய்து, தலையைச் சமமாக்கி, நிரைகளுக்கிடையே நடைவழி விடுவதாலேயே ஒவ்வொரு செடிக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. ஒவ்வொரு கொழுந்தும் கைக்கு எட்டுகிறது. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு நம் முன்னோர் கைப்பழக்கமாகக் கற்ற பாடம் இது. தோட்டம் அறிந்த இவ்வுண்மையை நம் வகுப்பறை அறிந்திருக்கிறதா என்பதே நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா.

வகுப்பறை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? முன்னே கரும்பலகை, அதனருகே ஆசிரியர், வரிசை வரிசையாக மேசைகள், கடைசி வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன். ஆண்டின் முதல் நாள் அமர்ந்த இடமே இறுதிவரை அவனுக்கு இடமாகிவிடுகிறது. பலகையில் உள்ள எழுத்து அவனுக்குத் தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். கூரைமேல் மழை கொட்டும்போது ஆசிரியரின் குரல் அவன் செவிக்கு எட்டாமல் போகலாம். நாமோ அவனை மந்தமானவன் என்று முடிவுகட்டி விடுகிறோம். இடத்தின் குறையைப் பிள்ளையின் குறையாக எண்ணுவது தகுமா?

தோட்டப் பள்ளிகளுக்கு இச்சிக்கல் புதிதன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகளுள் பல, ஓரறையும் ஓராசிரியரும் கொண்டவை. இன்று கட்டடங்களும் ஆசிரியர்களும் பெருகியிருப்பினும், குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால் பல தோட்டங்களில் மாணவர் தொகை சுருங்கிவிட்டது. 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனக் கணக்கிடப்படுகிறது. மிகச் சிறிய பள்ளிகளில் ஈராண்டு மாணவர் ஓரறையில் கூட்டு வகுப்பாகப் பயில்வதும் உண்டு. இதைக் கண்டு அஞ்சும் பெற்றோர் சிலர், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற எண்ணுகின்றனர். இவ்வாறு ஒவ்வொருவராக விலகினால், எஞ்சும் பள்ளியின் நிலை என்னாகும்?

கூட்டு வகுப்பு தன்னளவில் குறையன்று. அதனை அமைக்கும் முறையிலேயே நிறைவும் குறையும் உள்ளன என்பது எமது துணிபு. இதற்குத் தமிழ்நாட்டில் நல்லதொரு சான்று உண்டு. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பின்னர், 2007ஆம் ஆண்டில், அது மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்டது. சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை அமைத்தனர். பிள்ளைகள் பாயில் சிறு குழுக்களாக வட்டமிட்டு அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களிடையே அமர்ந்தார். வெவ்வேறு வகுப்பினர் ஓரறையில் இருந்தபோதும், ஒவ்வொருவரும் தத்தம் நிலைக்கேற்ற அட்டையை எடுத்துப் பயின்றனர். அம்முறை பின்னாளில் மாற்றங்கள் கண்டது. எனினும், கடைசி வரிசை இல்லாமலும் வகுப்பறை இயங்கும் என்பதை அது காட்டியது.

அவ்வாறாயின், மேசைகளை எல்லாம் குழுவாகச் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. இப்பொருள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அமெரிக்க ஆய்வாளர் இருவர், 2008ஆம் ஆண்டில் ஒரு தெளிவான முடிவைக் கூறினர். பிள்ளை தனித்திருந்து எழுதும் வேளைக்கு வரிசை ஏற்றது. கலந்து பேசிப் பயிலும் வேளைக்குக் குழுவோ அரைவட்டமோ ஏற்றது. ஆகவே, பணிக்கேற்ப இருக்கை மாற வேண்டும்.

நம் பள்ளிகளுக்கு நாம் முன்மொழிவன சில உள. வாரந்தோறும் இருக்கைகள் மாறட்டும். பார்வையோ செவிப்புலனோ குன்றிய பிள்ளை மட்டும் என்றும் ஆசிரியரின் அருகே இருக்கட்டும். பனி மூடிய காலைகளில் நம் அறைகள் இருண்டுவிடுகின்றன. வலக்கையால் எழுதுவோர்க்குச் சன்னல் வெளிச்சம் இடப்புறமிருந்து வருமாறு மேசைகளைத் திருப்பினால், கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. இடக்கையால் எழுதுவோர்க்கு இதனை மாற்றி அமைக்க வேண்டும். கூட்டு வகுப்பில் எதிரெதிர்ச் சுவர்களில் இரு பலகைகள் அமைத்து, ஈராண்டினரும் தத்தம் பலகையை நோக்கி அமர்ந்தால் கவனம் சிதறாது. ஒரு மூலையில் பாய் விரித்து நூல்களை அடுக்கி வைத்தால், பணியை முன்னரே முடித்த பிள்ளை பிறரைக் குலைக்காமல் வாசிக்கலாம்.

இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டுப்பணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சிறிது சாயமும் போதும். பெற்றோர்களே, லயத்து வீட்டிலும் பிள்ளைக்கென ஒரு மூலையும் ஒரு விளக்கும் ஒதுக்குங்கள். அவ்வேளையில் தொலைக்காட்சி ஓய்ந்திருக்கட்டும். மாணவச் செல்வங்களே, பலகை தெரியவில்லையெனில் வெட்கப்படாமல் எழுந்து சொல்லுங்கள். அருகிலுள்ள நண்பனுக்குத் தெரியவில்லையெனில் அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள்.

கைக்கு எட்டாத கொழுந்து முற்றி வீணாகிறது. அதற்காகச் செடியைப் பழிப்பவர் தோட்டத்தில் எவருமிலர். நம் பிள்ளைகளையும் அவ்வாறே பழியாதிருப்போம். வெளிச்சமும் ஆசிரியரின் கையும் எட்டும் இடத்தில் அவர்களை அமர்த்துவோம். கடைசி வரிசை ஒழியட்டும், தமிழ்ப்பள்ளி தழைக்கட்டும்!