கழுத்தில் தொங்கிய பலகை



தரம் 10 வகுப்பில் உலகப் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், தாய்வான் தனி நாடா, சீனாட ஒரு பகுதியா?"

அரசாங்கங்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். இலங்கை 1950இலேயே சீன மக்கள் குடியரசை அங்கீகரித்த நாடு. அதைச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஆனால் பாடசாலை விட்டு வரும்போதும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. தீவு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அங்கே வாழும் மக்கள் தங்களை யார் என்று நினைக்கிறார்கள், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதில் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தாய்பேயில் உள்ள தேசிய செங்சி பல்கலைக்கழகம் 1992 முதல் மக்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது: நீங்கள் தாய்வானியரா, சீனரா, இரண்டுமா? 1992இல் "தாய்வானியர் மட்டும்" என்றவர்கள் நூற்றுக்கு 18 பேரளவில்தான். "சீனர் மட்டும்" என்றவர்கள் 25 பேரளவில் இருந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் முதலாவது தொகை 60ஐத் தாண்டிவிட்டது. இரண்டாவது 2, 3 ஆகச் சுருங்கிவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் இரத்தம் மாறிவிடுமா? மாறாது. மாறியது வேறு ஏதோ.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். அந்தத் தீவின் மூத்த குடிகள் சீனர்கள் அல்லர். அவர்களுடைய மொழிகள் நம் நாட்டு மலாய் சகோதரர்கள் பேசும் மலாய் மொழியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாயில் ஐந்துக்கு 'லிமா' என்கிறோம். தாய்வானின் அமிஸ் மக்களும் 'லிமா' என்றே சொல்கிறார்கள். 1624இல் ஒல்லாந்தர் வந்தார்கள். பின்னர் நம் கரையோரங்களை ஆண்ட அதே ஒல்லாந்தக் கம்பனிதான். அவர்களுக்குப் பின் சீனாவிலிருந்து ஹொக்லோ மக்களும் ஹக்கா மக்களும் பெருந்தொகையாகக் குடியேறினார்கள். 1895இல் சீனா போரில் தோற்றுத் தீவை ஜப்பானிடம் கொடுத்தது. 50 வருடம் ஜப்பானிய ஆட்சி. 1945இல் சீனக் குடியரசின் கைக்கு வந்தது.

ஜப்பானியர் 1937இல் பத்திரிகைகளில் சீன மொழிப் பக்கங்களை நிறுத்தினார்கள். 1946இல் புதிய அரசு ஜப்பானிய மொழிப் பக்கங்களை நிறுத்தியது. ஜப்பானிய மொழியில் படித்து, அதிலேயே எழுதப் பழகிய ஒரு தலைமுறை, பத்து வருடத்துக்குள் இரண்டு தடவை எழுத்து மொழியை இழந்தது. வூ சுவோலியூ போர்க்காலத்தில் ஜப்பானிய மொழியில் இரகசியமாக எழுதிய நாவலுக்கு 'ஆசியாவின் அநாதை' என்று பெயர். அதன் நாயகனை ஜப்பானியர் தம்மவனாக ஏற்கவில்லை. சீனாவுக்குப் போனால் அங்கும் சந்தேகம். அந்த அநாதை உணர்வுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை என்று நாம் நினைக்கிறோம்.

1947 பெப்ரவரி 28இல் தாய்பேயில் தொடங்கிய மக்கள் எதிர்ப்பை அரசு இராணுவத்தைக் கொண்டு அடக்கியது. 18,000 முதல் 28,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று 1992இல் வெளிவந்த அரச அறிக்கை மதிப்பிட்டது. 1949இல் வந்த இராணுவச் சட்டம் 1987 வரை, 38 வருடம் நீடித்தது. அந்தக் காலம் முழுவதும் வீட்டில்கூட அந்தச் சம்பவத்தைப் பேசப் பயந்தார்கள்.

பாடசாலைகளில் என்ன நடந்தது? மண்டரின் மட்டுமே மொழி. வீட்டில் பேசும் ஹொக்லோவையோ ஹக்காவையோ வகுப்பில் பேசிய பிள்ளைக்கு அடி, தண்டப்பணம், அல்லது கழுத்தில் ஒரு பலகை. அடுத்த பிள்ளை பிடிபடும்வரை அது அங்கேயே தொங்கும். அந்தப் பிள்ளைகள் மஞ்சள் ஆற்றை மனனம் செய்தார்கள். தங்கள் தீவின் மிக நீளமான சுவோஷூய் ஆற்றைப் பற்றி அவ்வளவாகப் படிக்கவில்லை. பலகையை மாட்டியவரும் நம்மைப் போல் ஓர் ஆசிரியர்தான். பிள்ளையின் நன்மைக்காகச் செய்கிறோம் என்றுதான் அவரும் நம்பியிருப்பார்.

1970களில் எழுத்தாளர்கள் கிராமத்தவர்களையும், மீனவர்களையும், சிறு நகரத்து ஏழைகளையும் அவர்களது பேச்சோடு கதைகளில் கொண்டுவந்தார்கள். 1977, 78இல் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்களில் எல்லோரும் தனித் தாய்வான் கேட்டவர்கள் அல்லர். முக்கியமானவரான சென் யிங்சென் கடைசிவரை சீனாவுடன் ஒன்றிணைய வேண்டும் என்று நம்பியவர். ஆனாலும் 1980களில் வந்தவர்கள் அந்தக் கதைகளைத் 'தாய்வான் இலக்கியம்' என்று திரும்ப வாசித்தார்கள். எழுதியவர் ஒன்றை நினைத்து எழுதலாம். அடுத்த தலைமுறை அதில் தன் முகத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அடையாளம் தேடுபவர்களிடமும் ஒரு ஆபத்து இருக்கிறது. பெரும்பான்மை ஹொக்லோ மக்களின் மொழியையே 'தாய்வான் மொழி' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அப்படியென்றால் ஹக்கா மக்கள் யார்? பழங்குடிகள் யார்? 1988 டிசம்பர் 28இல் ஹக்கா மக்கள் தங்கள் தாய்மொழியைத் திருப்பித் தரும்படி கேட்டுத் தாய்பேத் தெருவில் இறங்கினார்கள். நேற்றுவரை ஒடுக்கப்பட்டவர் கைக்கும் நாளை இன்னொருவர் கழுத்தில் மாட்ட ஒரு பலகை கிடைத்துவிடலாம் என்பதை அந்த ஊர்வலம் நினைவூட்டியது.

அவர்கள் அதைக் கேட்டார்கள் என்பதுதான் நமக்குப் பிடித்த விடயம். 1997இல் 'தாய்வானை அறிவோம்' என்ற பாடநூல் கனிஷ்ட இடைநிலைப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. ஜப்பானிய ஆட்சியை மென்மையாகக் காட்டுகிறது என்று அதற்கும் கடும் எதிர்ப்பு இருந்தது. 2001 முதல் ஆரம்பப் பாடசாலைகளில் தாய்மொழிப் பாடம் வந்தது. 2018 இறுதியில் நிறைவேறிய சட்டம் ஹொக்லோ, ஹக்கா, பழங்குடி மொழிகள், சைகை மொழி எல்லாவற்றையும் தேசிய மொழிகளாக ஏற்றது. 2016இல் ஜனாதிபதி சாய் இங்-வென் பழங்குடி மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பல பழங்குடி மொழிகளை இன்று முதியவர்கள் மட்டுமே சரளமாகப் பேசுகிறார்கள். சட்டம் வருவதற்குள் மொழி போய்விட்டது.

முஸ்லிம்களாகிய நம்மைத் தொடும் ஒரு செய்தியும் அங்கே இருக்கிறது. லுகாங் என்ற பழைய துறைமுக ஊரில் குவோ என்ற குடும்பப் பெயருடையவர்கள் வாழ்கிறார்கள். அவர்களது முன்னோர் சீனாவின் சுவான்சோ நகரத்து முஸ்லிம்கள். நம் நாட்டுக்கும் வந்துபோன இப்னு பதூதா 'ஸைத்தூன்' என்று குறிப்பிட்ட ஊர் அது. காலப்போக்கில் அவர்களிடம் தொழுகை போனது, மார்க்கம் போனது. மிஞ்சியது ஒன்று: முன்னோருக்குப் படைக்கும் உணவில் பன்றி இறைச்சி வைப்பதில்லை. யாரும் அவர்களை வாளால் மாற்றவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நின்றது, அவ்வளவுதான்.

"அடையாளம் என்பது உண்டாக்கப்பட்டது, ஆகவே பொய்" என்று சிலர் வாதிடுவார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. வீடும் உண்டாக்கப்பட்டதுதான், அதற்காக அதில் வாழ்பவர்கள் பொய்யாகிவிடுவதில்லை. கேட்க வேண்டியது, அந்த வீட்டைக் கட்டும்போது சின்னவர்களுக்கும் ஒரு அறை வைத்தோமா என்பதுதான்.

இதைப் படித்த பிறகு நம் வகுப்பறையை நினைத்தோம். தரம் 4 பிள்ளை "எனது குடும்பம்" கட்டுரையில் 'உம்மா', 'வாப்பா', 'ராத்தா' என்று எழுதியபோது, சிவப்புப் பேனையால் வெட்டி 'அம்மா', 'அப்பா', 'அக்கா' என்று எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாமும் வெட்டியிருக்கிறோம். நல்ல தமிழ் படிப்பிக்கிறோம் என்றுதான் நினைத்தோம். பொதுத் தமிழையும் கற்பிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தன் உம்மாவின் பெயரே பிழை என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், அதுவும் கழுத்தில் தொங்கும் ஒரு பலகைதான். கண்ணுக்குத் தெரியாத பலகை.

அந்தத் தரம் 10 பிள்ளைக்கு மீதிப் பதிலைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்கு முன் தரம் 4 கொப்பிகளை ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.