முகத்திற்கு விரித்த வலை

குடிமக்களை ஐயத்தோடு நோக்கும் ஆட்சி, முதலில் அவர்களின் உடலைப் பதிந்துகொள்ள முனையும். வெள்ளையன் அதைத்தான் செய்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் எனப்பட்ட கொடுஞ்சட்டத்தின்கீழ் விரல்பதிவு தர மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் குண்டுகள் பாய்ந்தன. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். குற்றம் நிகழுமுன்னரே விரலைக் கேட்பவன், தம்மைக் குற்றவாளி என முடிவுகட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பதை அச்சிற்றூரார் நன்கறிந்திருந்தனர்.

இன்று விரல் வேண்டா, முகம் போதும். 2021 அக்தோபரில் தமிழகக் காவல்துறை முகமறி கருவியைப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியது கொல்கத்தாவில் உள்ள நடுவணரசின் சி-டாக் நிறுவனம். (அதற்கிட்ட பெயரும் ஆங்கிலமே, தமிழ்ப்பெயர் சூட்டவும் ஒருவருக்கு நேரமில்லை போலும்!) காவலர் தம் கைப்பேசியில் ஒருவரைப் படமெடுத்தால், கணிப்பொறி அம்முகத்தின் அளவுகளை எண்களாக்கி, முன்பே சேர்த்துவைத்த படங்களோடு ஒப்பிடும். 'இவனே அவன்' என்று அஃது உறுதி சொல்வதில்லை. ஒப்புமை இவ்வளவு என்றே சொல்லும். தில்லிக் காவல்துறை, நூற்றுக்கு 80 ஒத்தாலே பொருத்தம் எனக் கொள்வதாக 2022-இல் விடையளித்தது. எஞ்சிய 20-இல் சிக்குவோர் யார்?

முசிறிப் பேருந்து நிலையத்தில், பின்னிரவில், கோரைப்பாய்க் கட்டோடு குளித்தலை வண்டிக்குக் காத்திருக்கும் ஓர் ஏழை நெசவாளியை எண்ணிப் பாருங்கள். காவலர் அவனை நிறுத்திப் படமெடுத்தால், அப்படம் எங்கே செல்லும்? எத்தனை ஆண்டு இருக்கும்? அழிக்கச் சொல்ல அவன் எவரிடம் செல்வான்? இவற்றுக்கு விடைசொல்லும் சட்டம் ஒன்றுகூடத் தமிழகத்தில் இல்லை. நடுவணரசு 2022-இல் இயற்றிய அடையாளப் பதிவுச் சட்டம், பதிவுகளை 75 ஆண்டு வைத்துக்கொள்ள இடந்தருகின்ற கடுஞ்சட்டமே. அதுவும்கூட, தெருவில் செல்வாரையெல்லாம் காவலர் தம் விருப்பம்போல் படமெடுக்க இடந்தரவில்லை. தனிமறைவு அடிப்படை உரிமை, அதில் அரசு தலையிடச் சட்டம் வேண்டும் என்று உச்சநயன்மன்றத்தின் ஒன்பது தீர்ப்பாளர்கள் 2017-இலேயே ஒருமுகமாகக் கூறிவிட்டனர். கேட்டவர் யார்?

திருடனைப் பிடிக்க வேண்டாவா என்பார் உளர். பிடிக்கத்தான் வேண்டும், காணாமற்போன குழந்தையையும் மீட்கத்தான் வேண்டும். ஆனால் பிறர் முகங்களைச் சேர்ப்போர் தம் பெட்டகத்தையேனும் பூட்டத் தெரிந்திருக்க வேண்டாவா? 2024 மே திங்களில் இதே கருவியின் வலைத்தளத்திற்குள் கள்வர் புகுந்தனர். கடவுச்சொல் ஒன்று களவுபோனதே வழியாயிற்று. கடவுச்சொல் போனால் மாற்றலாம். முகம் போனால் எதை மாற்றுவது?

தில்லியை நோக்கிக் கைகட்டி நிற்க வேண்டிய செய்தியன்று இது. இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் காவல்துறை மாநிலத்திற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. மாநில உரிமை என மேடைதோறும் முழங்குவோர், கையில் உள்ள உரிமையையேனும் எடுத்தாளக் கூடாதா? தீர்ப்பாளர் ஆணையின்றி எவர் முகத்தையும் தேடலாகாது, குற்றமற்றோர் படத்தைக் குறித்த நாளுக்குள் அழித்தாக வேண்டும், தன்னைப் பற்றி வைத்துள்ள பதிவைக் குடிமகன் தமிழிலேயே கேட்டுப் பெறலாம் என்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் செய்யட்டும். அதுவரை முசிறியிலும் பிற ஊர்களிலும் வழிப்போக்கர்முன் கைப்பேசியை நீட்டுவதைக் காவல்துறை நிறுத்தி வைக்க வேண்டும்.