விளக்கெண்ணெய்க்கு ஏன் இந்தப் பழி?

ஆமணக்கு விதையில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறதாம். ஆகவே விளக்கெண்ணெயைத் தலையில் தேய்ப்பது ஆபத்தாம். முதல் பாதி உண்மை. மற்றது வெறும் பூச்சாண்டி. ரைசின் ஒரு புரதம். எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு தங்கிவிடும். மிச்சம் மீதி இருந்தாலும் சூட்டில் செயலிழக்கும். விதையை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மிதப்பதை வழித்தெடுத்த பாட்டிகளுக்குப் புரத வேதியியல் தெரியாது, வேலை தெரியும். பயந்தே தீருவேன் என்றால், அந்தப் பிண்ணாக்கைத் தின்னப்போகும் மாட்டுக்காகப் பயப்படுங்கள். (லிப்ஸ்டிக் பலவற்றிலும் இதே எண்ணெய்தான், அதற்கு ஏன் கூச்சல் இல்லை?)

குறை சொல்ல வேறு இடம் இருந்தது. வழுக்கையில் இது முடி முளைக்கவைக்கும் என்பதற்குத் தக்க சான்றில்லை. சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் கொண்ட கெட்டி எண்ணெய். முடிமேல் படிந்து வறட்சியைக் குறைக்கும், மினுக்கும். அள்ளிப் பூசினால் சிக்கு விழும். பழி போடுபவர்கள் அதைச் சொல்லியிருக்கலாமே!