பாடிய வாய்க்குப் பங்கு எங்கே?

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை நம் வாசகர் அறிவர். பாட்டின் அடிக்கு அடி கயிறு கரையேறும். பிடித்த மீன் விற்றுச் செலவு கழிந்ததும் சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவர்க்கு இவ்வளவு எனப் பங்கு பிரியும். அப்பங்கு போதுமா என்ற வழக்கு என்றும் உண்டு. ஆயினும் மடியில் விழுந்த மீன் எவ்வளவு என்பதை இழுத்தவன் தன் கண்ணாலேயே காண்கிறான். அதே மனிதன் பாடிய பாட்டு இணையத்தில் ஏறினால், அது ஈட்டிய பணம் எவ்வளவு, அதில் தன் பங்கு எவ்வளவு என்பதை அவன் அறிவானா? அறியான். அநீதி அங்கேதான் தொடங்குகிறது.

சுவீடனில் 2008-இல் சேவையைத் தொடங்கிய ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2021-இல் இலங்கைக்கும் வந்தது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் இசை உரிமையாளர்க்கு 1,000 கோடி அமெரிக்க டாலர் வழங்கியதாக அது கூறுகிறது. பெருந்தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘உரிமையாளர்’ என்ற சொல்லை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். பாடியவர் வேறு, உரிமையாளர் வேறு. பணம் முதலிற் சென்று சேர்வது ஒலிப்பதிவுக் கம்பனிகளையும் வெளியீட்டாளரையும் விநியோகத்தரையுமே. ஒப்பந்தத்தில் எழுதிய அளவே கலைஞனுக்கு எஞ்சும்.

ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் இவ்வளவு என்ற நிலையான விலையும் இல்லை. சந்தாப் பணமெல்லாம் ஒரே குவியலாக்கப்பட்டு, மொத்தமாகக் கேட்கப்பட்டவற்றுள் எவர் பாட்டு எத்தனை விழுக்காடு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. கற்பிட்டியில் வெங்காயம் பயிரிடும் ஒருவர் சந்தா கட்டி நம் நாட்டார் பாட்டை மட்டுமே கேட்டாலும், அவர் பணத்தின் பெரும்பகுதி அவர் கேட்டேயிராத புகழ்பெற்ற பாடகர்களையே சேரும். 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு ஒரு சதமும் கிடையாது. சிறு தொகைகள் வங்கிக் கட்டணத்திற் கரைந்து கலைஞரைச் சேர்வதே இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். சேராத தொகையைச் சேர்ப்பிக்க வழி காண்பது நீதியா, அதை எடுத்து ஏனையோருக்குப் பகிர்வது நீதியா?

பெயர் பெற்றோர் நிலையும் பாதுகாப்பானதன்று. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோரின் ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டியின் வாழ்வே அப்பாட்டின் ஊற்று. மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், எங்கள் மூவருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் பணியன்று. புகழும் செல்வாக்கும் உடையோரே இவ்வாறு முறையிட நேர்ந்தால், புகழற்றோர் கதி யாது என்பதே நம் கேள்வி.

புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்களான மக்கள் மஞ்சாப் பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். நாடெங்கும் ஆடிப் பாடப்படும் பைலாவின் வேர்களுள் ஒன்று அவ்விசை. அதை எவரோ கைப்பேசியிற் பதிந்து தம் பெயரில் ஏற்றினால், உரிமையாளர் ஏற்றியவரா, பாடியவரா? 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அதன்வழி வரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்கு என்கிறது. பாடிய ஊருக்கு என்று கூறவில்லை.

மூன்று செயல்கள் உடனே வேண்டும். ஒன்று: சந்தா கட்டியவர் கேட்ட பாட்டுக்கே அவர் பணம் சேர வேண்டும். இது இயலாத காரியமன்று. சவுண்ட்கிளவுட் நிறுவனம் 2021-இல் தன்னுரிமைக் கலைஞர்களுக்கு இம்முறையைத் தொடங்கியது. இரண்டு: ஒப்பந்தம் எதுவாயினும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பறிக்கவொண்ணாத ஒரு பங்கைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவொன்று 2021 ஜூலையில் இதனையே பரிந்துரைத்தது. நம் நாடாளுமன்றம் வாளாவிருப்பது ஏன்? மூன்று, நம் கையிலேயே உள்ளது: பாட்டை ஏற்றுமுன் பாடியவர் யார், கொட்டியவர் யார், எவருக்கு எத்தனை பங்கு என்று எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் ஊர்தோறும் வரவேண்டும். சட்டத்தரணிகளும் கணக்காளரும் ஆசிரியரும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் ஓர் ஊரின் பாட்டுக்கு உரிமைப் பத்திரம் எழுதிவிடலாம்.

நிலத்துக்கு உறுதி எழுதாமல் விட்டவர் பட்ட பாட்டை நம் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டும் ஒரு முதுசொம். அதற்கும் உறுதி வேண்டும். அதன் விளைச்சலிலும் உழைத்தவனுக்குப் பங்கு வேண்டும். அப்பங்கு பிச்சையன்று, கூலி!