கடைக்குக் காவல்காரன் உண்டு, இணையத்தளத்துக்கு?

இரண்டு வருடங்களுக்கு முன்னர் நோன்பின் கடைசிப் பத்தில் ஓர் இரவு, தோஹாவில் தொழில் புரியும் மருமகன் கோல் எடுத்தார். “மாமா, கடைய மூடிட்டீங்களா?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. கலஹாவில் கடை திறந்துதான் இருந்தது. தராவீஹ் முடிந்து வந்தவர்கள் பெருநாள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். “கடைய இல்ல மாமா, வெப்சைட்ட. தொறந்தா இது பாதுகாப்பில்லாத தளம், போகாதீங்கன்னு எச்சரிக்கை வருது. என்னோட ரூம்ல இருக்கிற மூணு பேருக்கும் அப்படித்தான். முந்தாநாள்லருந்து” என்றார்.

முந்தாநாளிலிருந்து! வெளிநாட்டிலுள்ள நமது பிள்ளைகள் ஊரில் இருக்கும் உம்மா வாப்பாவுக்குப் பெருநாள் பொதி அனுப்புவதற்காகவே அந்த இணையத்தளத்தை நான் செய்வித்தேன். தேயிலை, மிளகு, ஏலம், கிராம்பு, கறுவா எல்லாம் அதில் இருக்கின்றன. வருடத்தில் அது நன்றாக ஓடுவது அந்தப் பத்து நாட்களில்தான். அந்தப் பத்தில் மூன்று நாட்கள் கதவு சாத்தியிருந்திருக்கிறது. ஓர்டர் வராததைப் பார்த்து, இந்த முறை கையில் காசில்லை போலும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். இணையத்தளத்துக்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது. முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் காட்டுவது அதனால்தான். அது குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஒன்று இருந்திருக்கிறது, அது எங்கோ அறுந்துபோயிருக்கிறது. இணையத்தளத்தைச் செய்து தந்த தம்பியின் மின்னஞ்சலுக்குத்தான் அறிவித்தல்கள் எல்லாம் போகும். அவர் வெளிநாடு போய் ஒரு வருடமாகிவிட்டது. இடவசதி தந்த கம்பனியைக் கேட்டால், “எங்கள் சேர்வர் ஒரு நிமிடமும் நிற்கவில்லையே” என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யுமல்ல. சேர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைக்குள் யாரும் நுழைய முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கம்பனிகளின் விளம்பரங்களில் 99.9 வீதம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். வியாபாரிகளான நாம் வீதத்தைக் கண்டால் கணக்குப் பார்க்க வேண்டாமா? வருடத்துக்கு 8,760 மணித்தியாலங்கள். 99.9 வீதம் என்றால் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் நின்றாலும் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதாகக் கணக்கு. 99 வீதம் என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். எனது மூன்று நாட்கள் அந்த ஒரு வீதத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த மணித்தியாலங்கள் ஹஜ் மாதத்து ஓய்ந்த நாளொன்றில் வருமா, நோன்பின் இருபத்தேழில் வருமா என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

கடைக்கு இராக் காவல்காரன் வைக்கிறோம், கெமரா பூட்டுகிறோம். இணையத்தளத்துக்கு என்று வரும்போது செய்து தந்தவருக்கு ஒருமுறை காசைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதைக் காவல் காக்க ஒருவருக்கும் சம்பளம் இல்லை. கடைசியில் காவல்காரன் யாரென்றால், பொருள் வாங்க வந்து ஏமாந்துபோன வாடிக்கையாளர்தான். கலஹாவில் கடை பூட்டியிருந்தால் பழகிய மனிதர் நாளைக்கு வருவார். இணையத்தில் வந்தவர் நாளைக்கு வரமாட்டார், ஒரு விரல் தட்டில் அடுத்த கடைக்குப் போய்விடுவார். முறைப்பாடு சொல்லவும் அவருக்கு நேரமில்லை. எனக்கு மருமகன் இருந்தார், சொன்னார்.

இதற்கென்றே சேவைகள் இருக்கின்றன. வெளியிலுள்ள ஒரு கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உங்கள் இணையத்தளத்தின் கதவைத் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் உங்கள் தொலைபேசிக்குத் தகவல் அனுப்பும். பிங்டொம், அப்டைம்ரொபோட் என்பன பலரும் அறிந்தவை. அப்டைம் கூமா என்று, நாமே நிறுவிக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருளும் உண்டு. இலவசத் திட்டம் என்று கண்டதும் பாயாமல், அதை வியாபாரத்துக்குப் பாவிக்கலாமா என்று விதியை வாசித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் அது சொந்தப் பாவனைக்கு மட்டும்தான்.

ஆனால் கதவைத் தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினம் கழிந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை காலையில் கூகுள் டொட் எல்கே என்று அடித்தவர்களுக்குக் கூகுள் வரவில்லை. வேறொரு பக்கம் வந்தது. தேயிலைத் தொழிலிலுள்ள பிரச்சினை, ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் விவகாரம் என்று அதில் எழுதியிருந்தது. டொட் எல்கே பெயர்களைப் பதிவு செய்யும் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் பதிவுகளில் யாரோ கைவைத்து, சில பெயர்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். சில மணித்தியாலத்தில் சரிசெய்துவிட்டார்கள். (தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட மலைகளுக்குப் பக்கத்திலே இருந்துகொண்டு அந்தச் செய்தியை வாசித்தபோது, எழுதியவர் யாரானாலும் விஷயத்தில் பாதி பொய்யில்லையே என்று தோன்றியது. அது வேறு கதை.)

நமக்குரிய பாடம் என்ன? டொமைன் என்பது தொலைபேசி விபரக்கொத்தைப் போன்றது. பெயர் உங்களுடையதாக இருக்கும், கொத்தில் யாராவது இலக்கத்தை மாற்றிவிட்டால் அழைப்பு வேறு வீட்டுக்குப் போகும். அங்கேயும் ஒருவர் “ஹலோ” சொல்வார். கதவை மட்டும் தட்டிப் பார்க்கும் காவல்காரன் அந்த ஹலோவைக் கேட்டுவிட்டு, எல்லாம் நலம் என்று எழுதி வைப்பான். ஆகவே பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும்படி காவலை அமைக்க வேண்டும். நான் எனது கடைப் பெயரையும், ஓர்டர் போடும் பொத்தானிலுள்ள சொல்லையும் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல் காணாமற்போனால் தொலைபேசி அலறும். டொமைன் காலாவதித் திகதிக்கும் சான்றிதழுக்கும் தனித்தனியாக அறிவித்தல் வைத்திருக்கிறேன். சான்றிதழ் விஷயத்தில் இனி வரும் காலம் இன்னும் இறுக்கமானது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, காலாவதியாகப் போகிறது என்று நினைவூட்டும் மின்னஞ்சல்களை 2025 ஜூன் மாதத்துடன் நிறுத்திவிட்டது. 2029 மார்ச் முதல் எந்தச் சான்றிதழுக்கும் 47 நாட்களுக்கு மேல் ஆயுள் கிடையாது என்று முடிவாகியிருக்கிறது. இனி ஞாபகத்தை நம்பி வேலையில்லை.

அடுத்தது, காவல்காரன் அதே வீட்டுக்குள் படுத்துறங்கக் கூடாது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு ஒன்பது மணியளவில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நின்றது பலருக்கு ஞாபகமிருக்கும். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு பிழையான கட்டளையால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகம் முழுக்க நின்றது. அவர்களுடைய பொறியியலாளர்கள் பாவிக்கும் உள்வேலைக் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால், பிழையைத் திருத்தப் போனவர்களே தடுமாறினார்கள். 2025 நவம்பர் 18இல் கிளவுட்பிளேயார் நின்றபோது, எந்தத் தளம் நின்றிருக்கிறது என்று பார்க்கப் போகும் டவுன்டிடெக்டரும் சேர்ந்தே நின்றது. நோயாளியும் வைத்தியரும் ஒரே கட்டிலில்.

“பேஸ்புக் பக்கம் இருக்கிறது, வட்ஸ்அப்பில் ஓர்டர் எடுக்கிறேன், வெப்சைட் எதற்கு?” என்று கேட்கும் நண்பர்களுக்கு அந்த ஒக்டோபர் இரவைத்தான் நான் ஞாபகப்படுத்துவது.

நமது அளவில் இதன் பொருள் இதுதான். காவல் மென்பொருளைக் கடைக் கணினியில் போடாதீர்கள். 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலத்தையும், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் கிடந்த ஊர்களையும் கண்டவர்கள் நாம். கடையில் கரண்ட் போனால் காவலும் போய்விடும். எச்சரிக்கை போகும் மின்னஞ்சல் முகவரியும் உங்கள் டொமைனிலேயே இருக்கக் கூடாது. தளம் விழுந்த அதே நேரத்தில் அந்தத் தபால்பெட்டியும் விழுந்திருக்கலாம். தகவல் இரண்டு பேருக்காவது போகட்டும், ஒருவர் நாட்டுக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. எனக்கு அந்த இரண்டாமவர் தோஹா மருமகன்தான். இப்போது அது அவருக்கு உத்தியோகபூர்வப் பதவி.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளம் நிற்கவில்லை, ஆனால் திறக்க அரை நிமிடம் எடுக்கிறது என்றால், வாங்க வந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தின் பிரதான பகுதி இரண்டரை செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அவர்களது கருவியில் முகவரியைக் கொடுத்தால் இலவசமாக அளந்து சொல்லும். கடையிலுள்ள பைபர் இணைப்பில் எனது தளம் பறந்தது. தோட்டத்துப் பக்கம் போய், கையடக்கத் தொலைபேசியில் டேட்டா போட்டுத் திறந்து பார்த்தேன், மிளகுப் படம் தலையிலிருந்து கால்வரை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மகன் தொலைபேசியில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தான். படங்களைச் சிறிதாக்கியதும் பாதி வியாதி போய்விட்டது. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

காவல் வைத்தால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் முறைமை கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் அந்த வருடம் மே 17 முதலான மடல்கள் போய்விட்டன. சேவை விரைவில் மீண்டும் ஓடத் தொடங்கியது, மடல்கள் திரும்பவில்லை. பிரதிகளும் அதே இணைப்பில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டுவிட்டன. காவல்காரன் கள்வன் வந்ததைச் சொல்வான், போன சாமானைக் கொண்டுவந்து தரமாட்டான். பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கடைக்காரரும் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க முடியாது என்பதை நானும் அறிவேன். கணினி படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இருபது கடைகளின் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நமது வர்த்தக சங்கங்கள் மாதச் சம்பளத்துக்குக் கொடுக்கலாம். ஒரு கடைக்கு விழும் பங்கு சொற்பமாகத்தான் இருக்கும். ஆனால் டொமைனும் கடவுச்சொல்லும் கடைக்காரரின் பெயரிலேயே இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெளிநாடு போன தம்பியின் கதை எனக்கு ஒன்றே போதும்.

கடந்த மாதம் ஒருநாள் இரவு இரண்டரை மணிக்குத் தொலைபேசி அலறியது. எழுந்து பார்ப்பதற்குள் தளம் தானாகவே எழும்பிவிட்டது, மொத்தம் பத்து நிமிடம்தான். இப்படி அடிக்கடி வீணாக அலறினால் நாம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஆகையால் இரண்டு இடங்களிலிருந்து தட்டிப் பார்த்து இரண்டிலும் பதில் இல்லாவிட்டால் மட்டும் எழுப்பும்படி மாற்றிவிட்டேன். இதைப் பகலில் மட்டும் கத்தச் சொல்ல முடியாதா என்று மனைவி கேட்டார். டொரன்டோவில் இருப்பவர்கள் வேலை முடிந்து ஓர்டர் போடும் நேரம் அதுதான் என்று சொல்லியிருக்கிறேன்.