பெரிய சக்கர சைக்கிள் வீண் செலவா?

பாகூரை அடுத்த ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் ஒரு புது சைக்கிள் வந்து நிற்கிறது. சக்கரம் இரண்டும் உயரம். டயர் தடிமன். மட்கார்டு இல்லை. கேரியரும் இல்லை.

திண்ணையில் இருக்கும் ஆயா கேட்கிறாள்: "ஏம்ப்பா, மோட்டார் சைக்கிளை வித்துட்டியா?"

"இல்லை ஆயா. இது சும்மா ஓட்டுறதுக்கு."

"சும்மா ஓட்டவா? எவ்வளவு கொடுத்தே?"

"பன்னிரண்டாயிரம்."

ஆயா கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறாள்.

இப்படிப்பட்ட பேச்சு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பல வீடுகளில் நடக்கக்கூடியதுதான். ஆயாவின் கேள்வி நியாயமான கேள்வி. ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு 12 ஆயிரம் ரூபாய் சிறிய தொகை அல்ல. வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் இருக்கிறது. டவுனுக்குப் போக பஸ் இருக்கிறது. அப்படியானால், உல்லாசத்துக்காக ஒரு சைக்கிள் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

மலையில் பிறந்த வண்டி

இந்த சைக்கிளுக்கு "மலை சைக்கிள்" என்று பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், 1970-களில் இது பிறந்தது. சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினார்கள். பிறகு அதற்கென்றே வண்டி செய்தார்கள். அந்தப் பழைய சைக்கிள்களின் சக்கரம் 26 அங்குலம். அதனால் மலை சைக்கிளுக்கும் 26 அங்குலமே அளவு ஆயிற்று.

29 அங்குல டயர் 1999-ல்தான் வந்தது. முதலில் பலர் சிரித்தார்கள். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் போட்டி நடந்தது. மலை சைக்கிள் பந்தயத்தில் செக் நாட்டு வீரர் குல்ஹாவி தங்கப் பதக்கம் வென்றார். அவர் ஓட்டியது 29 அங்குல சக்கரம். அதன் பிறகு சிரிப்பு அடங்கியது.

சக்கரம் பெரிதானால் என்ன லாபம்? இதைப் பாகூர் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டு வண்டியின் சக்கரத்தை நம் முன்னோர்கள் ஏன் அவ்வளவு உயரமாகச் செய்தார்கள்? சின்ன சக்கரம் பள்ளத்தில் விழும், கல்லில் முட்டும். பெரிய சக்கரம் பள்ளத்தின் மேலே உருண்டு போய்விடும். சைக்கிளுக்கும் இதே கணக்குதான்.

தாத்தாவின் சைக்கிள்

இன்னொரு சங்கதியும் உண்டு. 29 அங்குல சைக்கிளின் வளையம் 62.2 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது. தாத்தா ஓட்டினாரே, கறுப்பு நிறத்தில் ஒரு சைக்கிள்? பால் கேனும் நெல் மூட்டையும் சுமந்ததே, அந்த 28 அங்குல சைக்கிள்? அதன் வளையம் 63.5 சென்டிமீட்டர்!

பெயரில் 29 பெரிது. வளையத்தில் தாத்தாவின் சைக்கிளே பெரிது. டயரோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். வெளிநாட்டுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த உயரத்தில், நம் ஊர்ப் பையன்கள் அந்தக் காலத்திலேயே குரங்கு பெடல் போட்டார்கள்.

ஆகவே, பெரிய சக்கரம் கண்டு மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். புதிது என்னவென்றால், தடித்த டயர். அது மண் பாதையிலும் வழுக்காமல் போகும். குலுக்கலையும் ஓரளவு குறைக்கும்.

எதற்குப் பணம் தர வேண்டும்?

பலர் ஆசையாக வாங்குகிறார்கள். மூன்றாம் மாதம் மூலையில் சாத்துகிறார்கள். "சோம்பேறி" என்று வீட்டில் ஏச்சு கிடைக்கிறது. பல நேரங்களில் குற்றம் சோம்பலில் இல்லை. வாங்கிய விதத்தில் இருக்கிறது.

விலை மலிவான வண்டியில் முன்னால் ஷாக் அப்சர்பர் இருக்கும். பார்வைக்கு மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். ஆனால், மலிவான ஷாக் அப்சர்பர் எடையைக் கூட்டும். மிதிக்கும் பலத்தைக் கொஞ்சம் விழுங்கும். கெட்டுப்போனால் பழுது பார்ப்பதும் கடினம். பாகூரில் மலை ஏது? வில்லியனூரில் குன்று ஏது? நெல் வயலும் ஏரிக்கரையும் உள்ள சமநிலத்துக்குத் தடித்த டயரே போதும். ஷாக் அப்சர்பர் இல்லாத வண்டி அதே விலையில் கிடைத்தால், அதையே எடுப்பது புத்திசாலித்தனம்.

கியரும் அப்படித்தான். 21 கியர் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். சமநிலத்தில் எதிர்காற்றுக்கு ஒன்று, சாதாரணமாக ஓட்ட ஒன்று, வேகத்துக்கு ஒன்று இருந்தால் போதும். பின்பக்கம் 7 பல்சக்கரம் உள்ள வண்டி தாராளம். கியரே இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

அப்படியானால், எதைப் பார்க்க வேண்டும்?

முதலாவது, பிரேக். பிடித்தால் நிற்க வேண்டும்.

இரண்டாவது, உயரம். வண்டியின் நடுக்கம்பிக்கு மேல் கால் அகட்டி நில்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கம்பி உடம்பில் இடிக்கக் கூடாது. 5 அடிக்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கு 29 அங்குலம் பெரும்பாலும் சரிப்படாது. அவர்களுக்கு 26 அங்குலமே சுகம். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

மூன்றாவது, பூட்டுகிற கை. பெட்டியில் வரும் சைக்கிளைப் பாதி பூட்டி அனுப்புகிறார்கள். வீட்டிலேயே அவசரமாக ஸ்பேனர் போடுவது ஆபத்து. ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துப் பூட்டுங்கள். ஒரு மாதம் கழித்து சக்கரத்தைக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கூலி கொடுக்கக் கணக்குப் பார்க்காதீர்கள். கிராமத்தில் சைக்கிள் கடை மூடிவிட்டால், சைக்கிளும் மூடிவிடும்.

நான்காவது, உதிரிச் சாமான். 29 அங்குல டியூப் எல்லாக் கிராமக் கடையிலும் இருக்காது. ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். விளக்கு, பூட்டு, தலைக்கவசம் இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். பணம் முழுவதையும் வண்டிக்கே கொட்டிவிட்டு, இருட்டில் விளக்கில்லாமல் கடலூர் சாலையில் போவது உயிரோடு விளையாடுவது. லாரிக்காரருக்குக் கறுப்பு சைக்கிள் தெரியாது.

ஓட்ட இடம் உண்டு

மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வில்லியனூர்க்காரர்களுக்கு ஊசுட்டேரி இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் பறவைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி இருக்கிறது. பாகூர்க்காரர்களுக்குப் பெரிய ஏரி இருக்கிறது. சோழர் காலத்து மூலநாதர் கோயில் இருக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற வயல்கள் இருக்கின்றன. கடலூர் சாலையின் இரைச்சலும் விழுப்புரம் சாலையின் புகையும் இல்லாத வழிகள் இவை.

எங்கிருந்தோ பணம் செலவழித்து வருகிறவர்கள் புதுச்சேரி நகரில் வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றுகிறார்கள். உள்ளூர்க்காரர் தன் ஏரிக்கரையில் சுற்றினால் மட்டும் அது வெட்டி வேலையா?

உடம்புக்கும் லாபம் உண்டு. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்று நட்டவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் இந்தக் கவலை இல்லை. இன்று வயலில் இயந்திரம் வந்துவிட்டது. தெருமுனைக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் போகிறது. உழைப்பு குறைந்தது, சாப்பாடு குறையவில்லை. சர்க்கரை நோய் கிராமத்துக்கும் வந்துவிட்டது. தினமும் அரை மணி, வாரத்தில் 5 நாள் சைக்கிள் மிதித்தால் 150 நிமிடம் சேர்ந்துவிடும்.

பெண்களுக்கு இல்லையா?

இங்கே ஒரு குறை இருக்கிறது. இந்த சைக்கிளைப் பெரும்பாலும் பையன்களுக்கே வாங்குகிறார்கள். பெண் குழந்தைக்கு சைக்கிள் என்றால் பள்ளிக்கூடம் போய்வர மட்டும். படிப்பு முடிந்தால் சைக்கிளும் முடிந்தது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்துக் கற்றுக்கொள்வதோடு சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அந்த இயக்கம் சேர்த்துக்கொண்டது. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. அவர்கள் நிறுத்தவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பிய பெண்களும் இருந்தார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா?

அந்தப் பெண்களுக்குத் தண்ணீர் எடுக்கவும், வேலைக்குப் போகவும் சைக்கிள் உதவியது. அது மட்டுமா? யாரையும் எதிர்பார்க்காமல், நினைத்த நேரத்தில், நினைத்த இடத்துக்குப் போகும் சந்தோஷத்தையும் அது தந்தது. அந்த சந்தோஷத்துக்கு விலை போட முடியாது.

ஆகவே, வீட்டில் ஒரு சைக்கிள் வாங்கினால், அது மகனுக்கு மட்டும் சொந்தம் ஆகக் கூடாது. மகளும் ஓட்டட்டும். அம்மாவும் ஓட்டட்டும். ஒரு வண்டியை மூன்று பேர் ஓட்டினால், ஆளுக்கு 4 ஆயிரம் ரூபாய்தான் செலவு. சீட்டை ஏற்றி இறக்க ஒரு நிமிடம் போதும். உயரம் குறைந்தவர் வீட்டில் இருந்தால், எல்லோருக்கும் பொருந்துகிற அளவையே வாங்குங்கள்.

ஆயாவுக்குப் பதில்

ஒரு காலத்தில் சைக்கிள் மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்த பொருள். பிறகு அது ஏழையின் வண்டி என்று பெயர் எடுத்தது. இப்போது உல்லாச வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. கடன் வாங்கித் தவணை கட்டி வாங்க வேண்டிய பொருள் அல்ல இது. கையில் காசு இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால், பரணில் கிடக்கும் தாத்தாவின் சைக்கிளை இறக்கித் துடைத்து, எண்ணெய் விட்டு, டயர் மாற்றுங்கள். அதுவும் பெரிய சக்கரம்தான்!

கணக்குப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு ஓட்டுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

ஓடுகிற சைக்கிள் வீண் செலவு அல்ல. மூலையில் சாத்திய சைக்கிள்தான் வீண் செலவு.