அருவிக்குப் போகிறீர்களா? மழை எங்கே பெய்கிறது என்று பாருங்கள்

"நாளைக்கு கோத்தா திங்கி போலாமா?"

வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் நண்பர்கள் குழுவில் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கும். வராவிட்டால் அதை அனுப்பியதே நீங்களாக இருக்கும். ஒருவர் கார் இருக்கிறது என்பார், ஒருவர் வானிலைச் செயலியைத் திறந்து பார்த்து "மழை இல்லை மச்சி" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கொஞ்சம் நில்லுங்கள். மழை இல்லை என்றாரே, எந்த இடத்தில் மழை இல்லை?

அருவியில் நடந்த பெரிய விபத்துகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தால், பிரச்சினை பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. குளித்துக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேல் பெய்த மழை அவர்களை அடித்துக்கொண்டு போகவில்லை. மேலே, மரங்களுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத மலையில் பெய்த மழைதான் வந்து சேர்ந்தது.

தேக்காவில் நின்று பாருங்கள்

இதைப் புரிந்துகொள்ள மலேசியாவரை போக வேண்டாம். தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு வெளியே வந்து, புக்கிட் தீமா சாலை ஓரமாக ஓடும் கால்வாயை எட்டிப் பாருங்கள். புக்கிட் தீமா பக்கமிருந்து இறங்கி, ரோச்சோர் கால்வாயாகி, மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகும் தண்ணீர் அது. அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்தால், தேக்காவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கால்வாய் நிறம் மாறி, மட்டம் ஏறலாம்.

சிங்கப்பூரில் அது உங்களைப் பாதிக்காது. கால்வாய்க்கும் உங்களுக்கும் நடுவே வேலி இருக்கிறது. நீர்மட்டத்தைக் கவனிக்கப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உணர்கருவிகளும் கேமராக்களும் இருக்கின்றன. வெள்ளம் வரும்போல் இருந்தால் டெலிகிராமிலேயே எச்சரிக்கை வந்துவிடும். நாம் அதற்குப் பழகிவிட்டோம்.

காட்டு அருவியிலும் நடப்பது இதேதான், ஆனால் அங்கே வேலி இல்லை, உணர்கருவி இல்லை, பல இடங்களில் போன் சிக்னலும் இல்லை. சரிவு மட்டும் பல மடங்கு அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். மலையில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டலத்தில் ஒரு நல்ல இடிமழைக்கு அது சாதாரணம். அந்தத் தண்ணீர் 50,000 கனமீட்டர், அதாவது 20 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள். மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் அதில் பெரும்பகுதி உள்ளே இறங்காது. பாறைச் சரிவில் வழிந்து, ஓடைகளில் சேர்ந்து, கடைசியில் ஒரே ஒரு குறுகிய வாய் வழியாகத்தான் வெளியே வர முடியும். அந்த வாய்க்கு நேர் கீழேதான் நாம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சில நேரம் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். விழுந்த மரங்களும் கிளைகளும் ஓடையை அடைத்து மேலே ஓர் அணைபோல் தண்ணீரைத் தேக்கிவைக்கும். அது உடைந்தால் தண்ணீர் படிப்படியாக ஏறாது, சுவர்போல் வரும். மலேசியாவில் இப்படித் திடீரென்று வரும் நீர்ப்பெருக்கை மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். நேராகச் சொன்னால் 'தண்ணீரின் தலை'. தமிழில் நமக்கு இருக்கும் சொல் காட்டாற்று வெள்ளம்.

எங்கெல்லாம் நடந்திருக்கிறது?

2023 ஜூலை 1, சனிக்கிழமை. திரங்கானு மாநிலம் கெமமானில் உள்ள ஜெராம் ஆயர் பூத்தே. உறவினர்கள் ஒன்றாகக் குளிக்க வந்த இடத்தில் பிற்பகலில் கெப்பாலா ஆயர் வந்தது. 10 பேர் உயிரிழந்தார்கள். தேடி எடுக்கவே சில நாள்கள் ஆயின.

2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவின் ஜெராய் மலையில் பெய்த கனமழை, மரங்களையும் பாறைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கியது. 6 பேர் மாண்டார்கள்.

இந்தியாவில் 2024 ஜூன் 30 அன்று, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பூஷி அணைக்குப் பின்னால் இருக்கும் அருவியில் நடந்ததை நீங்கள் வீடியோவாகவே பார்த்திருக்கலாம். ஒரு குடும்பம் ஓடையின் நடுப்பாறையில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நிற்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. கரை சில மீட்டரில்தான், ஆனால் போக வழி இல்லை. 5 பேர் இறந்தார்கள். அந்த வீடியோவை மறுபடி பார்க்கச் சொல்ல மாட்டேன். அவர்கள் நின்ற இடத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்குத் திரும்பி வருவோம்.

இனி குற்றாலம். சிங்கப்பூர்த் தமிழர்களில் ஒரு பகுதியினருக்கு அது சுற்றுலாத் தலம் அல்ல, சொந்த ஊர் அருவி. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்து தஞ்சோங் பகாரில் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் குற்றாலத்தில் குளிக்காமல் திரும்புவதில்லை.

2024 மே 17, வெள்ளிக்கிழமை பிற்பகல். பழைய குற்றாலம் அருவியில் நல்ல கூட்டம். மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கியது. பெண்களும் பிள்ளைகளும் படிகளில் அலறியபடி ஏறி ஓடும் காட்சி அன்றே உலகம் முழுக்கப் பரவியது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது மாதம். குற்றாலத்தின் சாரல் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மே மாதம் 'சீசன்' தொடங்கவே இல்லை. கெமமானிலும் அப்படித்தான், மலேசியாவின் கிழக்குக் கரைக்கு ஜூலை பருவமழை மாதமே அல்ல. ஆக, "இது மழைக்காலம் இல்லையே" என்ற சமாதானம் இந்த இரண்டு இடத்திலும் யாரையும் காப்பாற்றவில்லை.

ஆனால் குற்றாலத்தில் கற்றுக்கொள்ள நல்லதும் இருக்கிறது. பேரருவியில் தண்ணீர் உச்சியிலிருந்து நேராக உங்கள் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் அந்த உயரத்து அருவியில் பாட்டிகள்கூடத் தலை கொடுத்து நிற்க முடிகிறது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தடை நீங்கும்வரை கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே காத்திருக்கும். பல தலைமுறை பார்த்துப் பார்த்து உருவான ஏற்பாடு அது. இன்ஸ்டகிராமில் நீங்கள் கண்டுபிடித்த 'யாருக்கும் தெரியாத அருவி'யில் அந்த வளைவும் கிடையாது, விரட்டிவிடும் போலீஸ்காரரும் கிடையாது.

சிங்கப்பூரர்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சிக்கல்

நம்மிடம் சொல்லிக்கொள்ளும்படியான இயற்கை அருவி இல்லை. ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே சுமார் 163 மீட்டர்தான். நாம் பார்த்து வளர்ந்தவை எல்லாம் கட்டிய அருவிகள். பழைய ஜூரோங் பறவைப் பூங்காவில் 30 மீட்டர், கரையோரப் பூந்தோட்டத்தின் மேகக் காட்டில் 35 மீட்டர், 2019-இல் திறந்த ஜுவல் சாங்கியில் 40 மீட்டர். எல்லாமே அழகு. எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு சுவிட்ச் இருக்கிறது. அருவி என்றால் எப்போதும் ஒரே அளவில் விழும் என்று நம் கண் பழகியிருப்பதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, கடற்பாலம். கேட்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை காலை 8 மணிக்குக் கிளம்புகிறீர்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை. விடுமுறைக் காலத்தில் கார்கள் 3 மணி நேரம்வரை காத்திருக்க நேர்ந்ததுண்டு. பிறகு ஜொகூர் பாருவில் ஒரு ரொட்டி, ஒரு தே தாரிக், பெட்ரோல். கோத்தா திங்கிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. தண்ணீரில் கால் வைக்கும்போது மணி இரண்டோ மூன்றோ.

வெப்பமண்டலத்தில் காலை முழுவதும் வெயில் தரையைச் சுட வைக்கிறது. சூடான ஈரக் காற்று மேலெழுந்து மேகமாகி, பிற்பகலில் இடிமழையாக இறங்குகிறது. மலை இருந்தால் காற்று இன்னும் சுலபமாக மேலே ஏறும். அதாவது, மழைக்கு வாய்ப்பு அதிகமான நேரத்தில் சரியாகப் போய்ச் சேர்கிறோம். கெமமானிலும் பழைய குற்றாலத்திலும் வெள்ளம் வந்தது பிற்பகலில்தான்.

மூன்றாவது, நம் பள்ளி விடுமுறை. நீண்ட விடுமுறை நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதியும் அப்போதுதான். சிங்கப்பூரில் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் டிசம்பர், சராசரி 300 மில்லிமீட்டருக்கும் மேல். தெற்கு ஜொகூரின் வானமும் நம் வானமும் ஒன்றுதான். 2006 டிசம்பரில் தொடங்கி 2007 ஜனவரிவரை கோத்தா திங்கி நகரமே தண்ணீரில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவைப் பருவமழைக் காலத்தில் மூடுவது சும்மா இல்லை.

அப்போ போகவே கூடாதா?

போகலாம். "ஆபத்து, வேண்டாம்" என்று மட்டும் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிச் சொன்னால் நீங்கள் வீட்டில் சொல்லாமல் போவீர்கள், அது இன்னும் மோசம்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். விடியும் முன் கடற்பாலத்தைத் தாண்டி, காலையில் குளித்து, மதியத்துக்குள் தண்ணீரைவிட்டு ஏறிவிடலாம். முடியாதென்றால் முந்தின இரவே போய்த் தங்குங்கள். தாமதமாகிவிட்டதா, அருவியை விட்டுவிட்டு ஊரில் நன்றாகச் சாப்பிட்டுத் திரும்புங்கள். இவ்வளவு தூரம் வந்துட்டோமே என்ற நினைப்புதான் இந்த மாதிரிப் பயணங்களில் பெரிய எதிரி.

வானிலையைப் பார்க்கும்போது அருவி இருக்கும் ஊரின் பெயரை மட்டும் தட்டாதீர்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படத்தில், அந்த மலைக்கு மேல் என்ன நிற்கிறது என்று பாருங்கள். முந்தின இரண்டு மூன்று நாள் மழை பெய்திருந்தால் மண் ஊறியிருக்கும், இன்று சின்ன மழைகூடப் போதும். அங்கே போனதும் கடைக்காரரிடமோ பராமரிப்பாளரிடமோ "மேலே மழையா?" என்று கேளுங்கள். மலாய் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

பிறகு, நிற்கும் இடம். லோனாவாலா பாறை நினைவிருக்கிறதா? கரைக்குத் திரும்பத் தண்ணீரைக் கடந்தாக வேண்டிய இடத்தில் உட்காராதீர்கள். பைகள், சாப்பாடு, குழந்தைகள் எல்லாம் வெளியேறும் பாதை இருக்கும் கரையிலேயே இருக்கட்டும். மறுகரையில் போட்டோ நன்றாக வரும் என்பது உண்மைதான்.

தெளிந்த தண்ணீர் கலங்கிப் பழுப்பானால், இலைகளும் குச்சிகளும் அதிகமாக மிதந்து வந்தால், சற்று முன் வெளியே தெரிந்த கல் இப்போது மூழ்கியிருந்தால், மேலிருந்து லாரி வருவதுபோல் சத்தம் கேட்டால், யோசிக்க நேரம் இல்லை. ஓடையோடு கீழே ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு, போன், பை எல்லாம் அங்கேயே கிடக்கட்டும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவர்களைச் சாய்த்துவிடும் என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. அது உங்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

பள்ளியில் சுவிம்சேஃபர் சான்றிதழ் வாங்கியவர்கள் கவனிக்க: அருவி விழும் இடத்தில் நுரைத்த தண்ணீரில் பாதி காற்று. அதில் உடல் குளத்தில் மிதப்பதுபோல் மிதக்காது. சுழல் வேறு உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர் என்ற தைரியத்தில் முதலில் குதிப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

உடம்பில் ஆறாத காயம் இருந்தால் இறங்காமல் இருப்பது நல்லது. 2010-இல் பகாங்கின் லுபோக் யூ பொழுதுபோக்கு வனத்தில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணிக்குப் பிறகு, எலிக்காய்ச்சலும் மெலியாய்டோசிஸ் என்ற மண்வழிக் கிருமித் தொற்றும் பரவி 8 பேர் இறந்தார்கள். அருவிக்குப் போய்வந்த ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போன இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

டெலிகிராமில் பார்த்த பயணக் குழுவோடு போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வனத்துறை அனுமதி இருக்கிறதா? வழிகாட்டிக்கு உரிமம் உண்டா? தீபகற்ப மலேசியாவில் நிரந்தரப் பாதுகாப்பு வனங்களுக்குள் நுழைய அனுமதி வேண்டும். மலையேற்றப் பாதைகள் பலவற்றில் 'மாலிம் குனோங்' எனப்படும் பதிவுபெற்ற வழிகாட்டி கட்டாயம். "அதெல்லாம் தேவையில்லை, நம்ம ஆளு பார்த்துக்குவாரு" என்று பதில் வந்தால், வேறு குழுவைத் தேடுங்கள். பயணக் காப்புறுதியில் எந்தச் சாகச நடவடிக்கைகள் சேராது என்ற பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள்.

மலேசியாவில் அவசர எண் 999, தீயணைப்பு மீட்புப் படைக்கும் அதே எண்தான். சிக்னல் இருக்கும் கடைசி இடத்தில் காரை நிறுத்தி, எந்த அருவி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்பி அழைப்போம் என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.